முக்கடலைக் கடைசி நாளுக்கு வையுங்கள்

கன்னியாகுமரிக்கு வருகிறோம் என்று சொந்தக்காரர்கள் போனில் சொன்னால், அவர்கள் மனத்தில் இருப்பது கடல், பாறை, சூரிய உதயம், அவ்வளவுதான். மறுத்துப் பேச வேண்டாம். கடைசி நாளுக்குத் தள்ளிவையுங்கள். முதல் நாளே படகுக்கு வரிசையில் நின்று வெயிலில் வதங்கியவர்களை மறுநாள் வேறெங்கும் கிளப்ப முடியாது. கார்த்திகை, மார்கழி என்றால் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

நான் தக்கலைக்காரி. சென்னையிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிற தங்கை, மயினி, அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் நண்பர்கள் என்று எல்லாரையும் ஊர் சுற்றிக்காட்டும் வேலை எங்கள் வீட்டில் என்னுடையது. என் கணக்கு எளியது: ஒரு நாளைக்கு ஒரு பழைய இடம், ஒரு கடைத்தெரு, வயிறார ஒரு சாப்பாடு. நான்காவதாக ஏதாவது நுழைத்தால் சாயங்காலம் வண்டிக்குள் சண்டை நிச்சயம்.

பழைய இடம் என்றால் பத்மநாபபுரம் அரண்மனைதான் முதலில். திங்கட்கிழமை பூட்டியிருக்கும், இதை மறந்து வாசல்வரை வந்து திரும்புகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மற்ற நாள்களில் காலை 9 மணிக்கே போய்விடுங்கள், மதியம் இடைவேளை விடுவார்கள். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. 1956 நவம்பர் 1 அன்று இந்தப் பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆனாலும் அரண்மனையைப் பராமரிப்பது இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான்.

பிள்ளைகளைச் சும்மா நடத்திக்கொண்டு போனால் பத்தாவது நிமிடம் பசிக்கிறது என்பார்கள். ஆளுக்கொரு வேலை கொடுங்கள். பூமுகத்து (முகப்பு மண்டபம்) கூரையில் செதுக்கியிருக்கும் மரப்பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்கிறதா என்று ஒருவன் தேடட்டும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலை ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாக என்ன இருக்கிறது என்று இன்னொருத்தி கண்டுபிடிக்கட்டும் (மைக்கா; விடையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள்). பெரியவர்களுக்குத் தரையைக் காட்டுங்கள். சுண்ணாம்பு, முட்டை வெள்ளை, சிரட்டைக்கரி சேர்த்துத் தேய்த்த கறுப்புத் தரை, முகம் தெரியும். மாடிப்படிகள் மரத்தாலானவை, செங்குத்து, குறுகல். முழங்கால் வலி உள்ள அத்தையைக் கூட்டத்தின் கடைசியில் ஏறவிடுங்கள். பின்னால் நின்று யாரும் அவசரப்படுத்தமாட்டார்கள்.

அங்கிருந்து புலியூர்க்குறிச்சி பக்கம்தான். உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741-ல் குளச்சலில் டச்சுப்படையோடு வந்து மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-ல் இங்கேயே மண்ணானார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. இந்தக் கதையை இங்கே பாதியில் நிறுத்திவிடுங்கள். மறுபாதியை நாகர்கோவில் கோட்டாற்றில், சவேரியார் பேராலயத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். டிலனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்த அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை, தேவசகாயமாகி, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கல்லறை அந்தப் பேராலயத்துக்குள் இருக்கிறது. 2022-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார். இரண்டு கல்லறைகளையும் இந்த வரிசையில் பார்த்தவர்களுக்குத் தேதிகள் மறந்தாலும் ஆள்கள் மறப்பதில்லை.

கோட்டாறு போனால் கடைத்தெருவுக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். எல்லாரையும் ஒரே கடைக்குள் அடைக்காமல் இரண்டு இரண்டு பேராகப் பிரித்துவிடுவேன்: ஒரு ஜோடிக்குக் கிராம்பும் நல்லமிளகும், இன்னொரு ஜோடிக்குக் கருப்பட்டி. வாங்கும் முன் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் இனிப்பாக இருந்தால் வேண்டாம். அடியில் லேசாக உப்புக் கரிப்புத் தட்ட வேண்டும். கடைக்காரரிடம் "எந்த ஊர்ச் சரக்கு, அண்ணாச்சி?" என்று கேட்டால் போதும், விலையைவிடப் பேச்சு நீளும். பேச்சு நீளட்டும், அதற்காகத்தான் வந்திருக்கிறோம்.

பரதம் ஆடுகிற பெண் கூட்டத்தில் இருந்தால் வடசேரியைத் தவறவிடாதீர்கள். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம் என்று சிவப்புக் கல் பதித்த கோயில் நகைகள் இங்கேதான் கையால் செய்யப்படுகின்றன. புவிசார் குறியீடும் உண்டு. கல்லுக்கு அடியில் வெள்ளியா, செம்பா என்று கேளுங்கள், விலை அதைப் பொறுத்தது. கைவேலைக்காரரிடம் பாதி விலைக்குக் கேட்பது எனக்குப் பிடிக்காது. என் தங்கை கேட்பாள். அப்போது நான் வெளியே நின்றுகொள்வேன்.

தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன் எழக்கூடியவர்களை மட்டும் அழைத்துப்போங்கள். பிச்சி, கேந்தி, அரளி எல்லாம் குவியல் குவியலாகக் கிடக்கும். ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கேரள வியாபாரிகள் திரண்டுவிடுவார்கள். அப்போது வேடிக்கை பார்க்கலாம், வாங்க நினைக்காதீர்கள்.

கோயில்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வயதுப் பையன்கள் வாசலில் முரண்டு பிடிப்பார்கள். திருவட்டாறு போவதானால் காலையிலேயே போங்கள், மதியம் நடை அடைத்திருக்கும். நீளப் படுத்திருக்கும் ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகப் பார்க்க வேண்டும். இளவட்டங்கள் மட்டும் என்றால் சிதறால் மலை. ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், மேலே நல்ல காற்று. தண்ணீர் எடுத்துப் போங்கள். மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரையில் இருந்துகொள்ளட்டும்.

சாப்பாட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒரு மதியம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். மறு மதியம் இலைச் சாப்பாடு: அவியல், எரிசேரி, துவரன், புளிச்சேரி. பாயசம் வந்ததும் பழத்தையும் பப்படத்தையும் அதிலேயே நொறுக்கிப் பிசைந்து காட்டுங்கள். சென்னைப் பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு இரண்டாம் முறை கேட்பார்கள். நாலு மணிக்கு ரசவடையோ பழம்பொரியோ. கோடையில் வந்தால் காலையிலேயே அக்கானி (பதநீர்) தேடிக் குடியுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும்.

போக்குவரத்துக்கு நாகர்கோவில் அண்ணா பஸ் நிலையம். சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எங்கள் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதால் ஒரு நாளாவது வண்டியை வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில்தான் போவோம்.

ஊருக்குக் கொண்டுபோக ஏத்தங்காய் சிப்ஸ் வாங்குவீர்கள். கண்ணெதிரே தேங்காயெண்ணெயில் பொரிக்கிற கடையாகப் பாருங்கள். சூட்டோடு பையில் கட்டவிடாதீர்கள், நமர்த்துவிடும். ஆறும்வரை பக்கத்துக் கடையில் மட்டிப்பழம் பாருங்கள். தோல் மெல்லியது, பழுத்தது ரயிலில் நசுங்கிவிடும். செங்காயாக ஒரு சீப்பு வாங்கி, சிப்ஸ் பைக்கு மேலே வையுங்கள்.