மழைமேகத்தோடு ஒரு கிராமம்: எண்ணெய் வண்ணத்தில் முதல் படம்

கிராமம் வரையச் சொன்னால் கை தானாக இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை என்று போட்டுவிடும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டுப் பழக்கம். வடசென்னைக்காரர்களுக்கு மலையே கிடையாது என்பதால் அதை விடுவதில் நஷ்டமில்லை. இயற்கையையும் உணர்ச்சியையும் போற்றிய ரொமான்டிக் காலத்து ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் கிராமப் படங்களில் பாதி உயிர் வானத்தில்தான் இருக்கிறது. 1821, 1822-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் இருந்துகொண்டு மேகங்களை மட்டுமே தீட்டித் தீட்டிப் பழகியவர் அவர்.

முதலில் ரயில்

ஐப்பசி, கார்த்திகையில் தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி மீஞ்சூரிலோ பொன்னேரியிலோ இறங்குங்கள். வயல், பனைமரம், தலைக்கு மேல் கருமேகம். பெயின்ட் எதுவும் தூக்கிக்கொண்டு போகவேண்டாம். பென்சிலில் நாலைந்து அவசரக் கோட்டுப்படம் போதும். வெளிச்சம் வரும் பக்கத்தை அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். கான்ஸ்டபிளும் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிக் கிராமத்தில் எடுத்த குறிப்புகளை வைத்துத்தான் 'தி ஹே வெய்ன்' (வைக்கோல் வண்டி) படத்தை லண்டனில் தீட்டி, 1821-ல் காட்சிக்கு வைத்தார்.

வாங்க வேண்டியவை

12-க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு, மூன்று தட்டை பிரஷ், பெயின்டை நீர்க்க வைக்க டர்பன்டைன், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). வண்ணம் ஆறு: டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் புளூ, எல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (அடர்பழுப்பு), ஏதாவது ஒரு சிவப்பு. பச்சை வாங்காதீர்கள். என் முதல் படத்தில் ட்யூப் பச்சையை அப்படியே அப்பினேன். அம்மா பார்த்துவிட்டு, "இன்னாடா, வயலு வரையறேன்னு கிளி வரைஞ்சு வெச்சிருக்க?" என்றார். அல்ட்ராமரைனும் ஆக்கரும் கலந்தால் வரும் மங்கல் பச்சைதான் மழைக்கால வயலுக்குப் பொருந்தும்.

பழுப்பு அடித்தளம்

அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, துணியால் போர்டு முழுக்கத் தேயுங்கள். ஈரம் இருக்கும்போதே, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அடிவானக் கோடு. வெளிச்சம் விழும் இடங்களைத் துணியால் துடைத்தெடுங்கள். நிழலில் இன்னும் கொஞ்சம் அம்பர். இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

வானம்

நிதானம் இங்கேதான் வேண்டும். உச்சியில் அடர்நீலம், கீழே வரவர வெள்ளை கூடி, அடிவானத்தில் துளி ஆக்கர். மேகத்தின் அடிவயிற்றுக்கு அல்ட்ராமரைனும் சியன்னாவும் வெள்ளையும் கலந்த சாம்பல். கறுப்பு ட்யூப் தேவையே இல்லை. சூரியன் பக்கத்து விளிம்பில் மட்டும் தடித்த வெள்ளை. மறுபக்க விளிம்பைக் காய்ந்த பிரஷால் மெல்ல வருடிக் கரையுங்கள். எல்லா விளிம்பும் ஒரே மாதிரி கூர்மையாக இருந்தால் மேகம் பஞ்சு மிட்டாயாகிவிடும். நான் நிறைய மிட்டாய் போட்டிருக்கிறேன்.

நிலம்

தொலைவு மரங்கள் நீலம் கலந்து வெளிறியும், முன்னால் உள்ள வரப்பு பழுப்பாக இருண்டும் இருக்கட்டும். மேகம் விலகிய இடத்தில் ஒரே ஒரு வயல் துண்டுக்கு மட்டும் வெயில் கொடுங்கள். பனைமரம் மூன்று போதும், உயரம் சமமாக வேண்டாம்.

அடி அடுக்கில் டர்பன்டைன் அதிகம், மேலே போகப்போக லின்சீட் அதிகம். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாகத்தான் காயும். அதன்மேல் சீக்கிரம் காயும் அடுக்கைப் போட்டால் பின்னாளில் வெடிப்பு விழும். எண்ணெய் ஆவியாவதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதற்குப் பல நாள் ஆகும்.

கடைசிப் பொட்டு

'தி ஹே வெய்ன்' குதிரைகளின் சேணத்தில் சிவப்பு இருக்கும். சுற்றியுள்ள பச்சையெல்லாம் அதனால்தான் துலங்கும். நம் படத்தில் வரப்பில் நடக்கும் ஒரு பெண்ணின் சேலை அந்தச் சிவப்பு. அரிசி மணி அளவு, அதற்கு மேல் வேண்டாம்.

காயும்வரை படத்தின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாய்த்து வையுங்கள். எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசி நேராக வானத்தில்தான் ஒட்டும். வார்னிஷ் ஆறு மாதம் கழித்து.