கிழித்தது குழந்தை, பாழாக்கியது நான்

போன மாதம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். எங்கள் தாத்தா பென்சிலில் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பக்கம் மூன்று துண்டுகளாகத் தரையில் கிடந்தது. அவன் கையில் டேப் சுருள், நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தான். ஒன்றரை வயது மகள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று எதையோ மென்றுகொண்டிருந்தாள்.

"டேப்பைக் கீழே வைடா" என்று நான் போட்ட சத்தத்தில் இருவரும் திடுக்கிட்டார்கள். குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தேன். கன்னத்துக்குள் ஊறிப்போய் ஒட்டியிருந்தது நான்காவது துண்டு.

பதினோரு வருடங்களுக்கு முன் இதே மாதிரி தரையில், இதே மாதிரி டேப்புடன் நானும் உட்கார்ந்திருந்தேன். அன்று செய்த தவறுதான் என்னைக் காகிதம் செப்பனிடக் கற்றுக்கொள்ள வைத்தது. இப்போது தெரிந்தவர்கள் தங்கள் பழைய கடிதங்களையும் புத்தகங்களையும் என்னிடம் கொண்டுவருகிறார்கள். வருபவற்றில் குழந்தை கிழித்தது கொஞ்சம்தான். கிழிந்த பிறகு பெரியவர்கள் அவசரத்தில் செய்து வைத்ததுதான் அதிகம்.

உயரத்தில் வையுங்கள், பூட்டி வையுங்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். எட்டாது என்று நினைத்த இடம் ஒரு நாள் எட்டிவிடும். அதற்கப்புறம் நடக்கும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்பது

தம்பி செய்தது இதுதான். நானும் செய்திருக்கிறேன். பிரியமான பொருள் உடைந்து கிடக்கும்போது கண் அங்கேதான் போகும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வாய், கை, பாதம். கண்ணாடி, பீங்கான் உடைந்திருந்தால் குழந்தையைத் தூக்கி வேறு அறையில் விட்டுவிட்டுத்தான் மற்றது.

பழைய கைக்கடிகாரம், ரிமோட், இசைப்பெட்டி, பாடும் வாழ்த்து அட்டை என்று எதைப் பிரித்துப் போட்டிருந்தாலும் உள்ளே இருந்த பட்டன் பேட்டரி எங்கே என்று தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நாளை வரை காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனை. உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டே மணி நேரத்தில் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். முக்கியமாக 20 மில்லிமீட்டர் அகலமுள்ள லித்தியம் வகை. குழந்தை அழாமல், இருமாமல் விளையாடிக்கொண்டே இருக்கலாம், அதை நம்பிவிடக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் முயலாதீர்கள். சின்னச் சின்னக் காந்தங்களும் இதே கணக்குதான். இரண்டு உள்ளே போனால் குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும்.

கோபத்தோடு குழந்தையைத் தூக்குவது

கை நடுங்கினால் தொடாதீர்கள். பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு இரண்டு நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அழட்டும். சின்னக் குழந்தையைப் பிடித்து உலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

டேப்

இதைப் பற்றி நிறையப் பேச வேண்டும். இன்றும் எனக்கு ஆறாத விஷயம்.

நான் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் அப்பா எழுதிய கடிதம் அது. ஒரே தாள், இரண்டு பக்கமும் நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவில். அதன் பிறகு அவர் கடிதம் எழுதவில்லை, எழுத அவருக்கு நாள் வாய்க்கவில்லை. ஒரு மதியம் அதை வாசித்துவிட்டு மேசை மேல் வைத்தேன். தொலைபேசி அடித்தது. திரும்பி வந்தபோது என் மகன், ஒரு வயது ஏழு மாதம், அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். சர்ர் என்று ஒரு சத்தம். அவன் அப்படியே நின்றுவிட்டான். கையில் இருந்ததைப் பார்த்தான். பிறகு மெதுவாக, காதைச் சாய்த்துக்கொண்டு, இன்னொரு முறை இழுத்தான். முதல் கிழிசல் தற்செயல். இரண்டாவது அந்தச் சத்தத்துக்காக.

அன்று இரவே உட்கார்ந்து முன்னும் பின்னுமாக டேப் ஒட்டினேன். அழகாகத்தான் ஒட்டினேன். கோடே தெரியவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாவது வருடம் லேசாக மஞ்சள் தட்டியது. ஐந்தாவது வருடம் டேப்புக்குக் கீழே காகிதம் எண்ணெய் பட்ட மாதிரி பின்பக்கம் தெரிய ஆரம்பித்தது. ஒன்பதாவது வருடம் உறையிலிருந்து எடுத்தபோது டேப்பின் மேல்தாள் காய்ந்த தோல் போலத் தானாகவே உரிந்து மடியில் விழுந்தது. பசை மட்டும் பழுப்பாகக் காகிதத்துக்குள் இறங்கியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது? இந்த வகை டேப்பை அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்ரூ 1930இல் உருவாக்கினார். செலோபேன் சுற்றிய பொட்டலங்களை ஒட்டி மூடத்தான் அது வந்தது. பொட்டலத்தின் ஆயுள் சில வாரம், அதற்கு அது போதும். ஆனால் அதன் ரப்பர் பசை காற்று பட்டுப் பட்டு மெல்ல இளகும், காகித நாருக்குள் ஊறும், மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் இறுகும். அதற்குள் ஒட்டும் சக்தியும் போய்விடும். அதாவது கிழிசல் மறுபடி திறந்துகொள்ளும், கறை மட்டும் நிற்கும். இறுகிய கறையை முழுதாக எடுப்பது கைதேர்ந்தவர்களுக்கும் பெரும்பாலும் முடியாத காரியம். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது என்பதால் டேப்பின் பசை அதையும் கரைத்து இழுத்துவிடும்.

அப்பாவின் கடிதத்தில் நடந்தது அதுதான். ஒரு வரியில் "கவ" என்ற இரண்டு எழுத்து தெரிகிறது. பிறகு நீலப் புகை மாதிரி ஒரு கலங்கல். அப்புறம் "படி". அவர் எழுதியது "கவனமாகப் படி" என்பதா, "கவலைப்படாமல் படி" என்பதா? நூறு முறை வாசித்த கடிதம், ஆனாலும் எனக்கு இன்று உறுதியாகத் தெரியவில்லை. என் மகன் அதை இரண்டாகத்தான் கிழித்தான். ஒரு எழுத்து கூடத் தொலையவில்லை. அந்தச் சொல்லை அழித்தது நான்.

படித்தவர்கள், அறிஞர்கள் எல்லோரும் செய்த தவறுதான் இது. சாக்கடல் சுருள்கள் 1947இல் கிடைக்கத் தொடங்கின, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழைய கையெழுத்துச் சுவடிகள். 1950களில் அவற்றின் துண்டுகளைப் பொருத்திப் பார்த்த அறிஞர்கள் டேப் போட்டுத்தான் ஒட்டினார்கள். பசை கறுத்து தோல் துண்டுகளைக் கெடுத்தது. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுக்கும் வேலையில் பின்னால் வந்த பாதுகாப்பு நிபுணர்கள் பல ஆண்டுகளைச் செலவழித்திருக்கிறார்கள்.

சரி, பிறகு என்ன செய்வது? முதல் நாள் ஒன்றுமே செய்யாதீர்கள். துண்டுகளை எல்லாம், நகக்கண் அளவு பிசிறையும் சேர்த்து, ஒரு சுத்தமான வெள்ளைத் தாள் மடிப்புக்குள் வையுங்கள். கசங்கியிருந்தால் விரலால் நீவாதீர்கள், மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்தால் போதும். ஒரு வருடம் கழித்து எடுத்தாலும் அது அப்படியே இருக்கும். காகிதம் கிழிந்த நிலையில் காத்திருக்கும், டேப் ஒட்டிய நிலையில்தான் கெடும்.

ஒட்டும்போது ஜப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாப்பொருளில் காய்ச்சிய பசையும்தான் என் கைப்பழக்கம். அந்தத் தாள் கோஸோ என்ற மரப்பட்டை நாரில் செய்வது. நார் நீளமானது, அதனால் தாள் மெல்லியதாக இருந்தாலும் வலு இருக்கும். அதைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, கையால் பிய்க்க வேண்டும், ஓரத்தில் நார் பிசிறு பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிசிறுதான் பிடி. கிழிந்த ஓரத்தை உற்றுப் பாருங்கள், நேராக வெட்டுப்பட்டிருக்காது. ஒரு பக்கம் மேலே சரிந்தும் மறுபக்கம் கீழே சரிந்தும் இருக்கும். எந்தச் சரிவு மேலே வர வேண்டும் என்று பார்த்துப் பொருத்தினால் வெள்ளைக் கோடு மறைந்துவிடும். பின்பக்கம் பசை தடவிய தாள் கீற்றை வைத்து, பாரம் ஏற்றி, ஓர் இரவு விட வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கொஞ்சம் ஈரம் காட்டினால் கழன்று வந்துவிடும். நான் இதை நம்புவதற்குக் காரணமே, செய்ததைத் திரும்ப எடுக்க முடியும் என்பதுதான்.

ஊற்றுப்பேனா மையில் எழுதியதாக இருந்தால் ஈரப் பசையே எதிரி. அதை வீட்டில் செய்ய வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

லேமினேஷனும் இதே குற்றம்தான். சூடாக்கி அழுத்திய பிளாஸ்டிக்கைப் பிறகு சேதமில்லாமல் பிரிப்பது பெரும்பாலும் முடியாது.

துடைப்பது

கேமரா லென்ஸில் விரல் பட்டிருந்தால் சட்டை நுனி வேண்டாம். முதலில் ஊதுகுமிழால் தூசியை ஊதிவிட்டு, அப்புறம் லென்ஸ் துணி. பழைய 78 சுழற்சி இசைத்தட்டில் கிறுக்கியிருந்தால் ஸ்பிரிட் பக்கமே போகாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

நனைந்ததைச் சூடாக்குவது

குளியல் வாளிக்குள் புத்தகத்தை இறக்கிவிட்டார்களா? முடி உலர்த்தும் கருவி, வெயில், அடுப்பங்கரை எதுவும் வேண்டாம். வேகமாகக் காய்ந்தால் தாள் நெளிந்துபோகும். புத்தகத்தை நிமிர்த்தி, பக்கங்களை விசிறி போலப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். காற்று நேரே பக்கங்களில் வேகமாக அடிக்கிற மாதிரி வேண்டாம். வழவழப்பான படப் பக்கங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவே உறிஞ்சு தாள் வைத்தாக வேண்டும். அவை ஒட்டிக் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கலாம். அதற்குள் நேரம் கிடைக்காது என்றால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். உறைந்த புத்தகம் கெடாது, அவகாசம் கிடைக்கும்.

ஒன்றோடொன்று ஒட்டிய ஈரப் புகைப்படங்களை இழுத்துப் பிரிக்க வேண்டாம். காயவும் விட வேண்டாம். சுத்தமான குளிர்ந்த நீரில் கிடத்தினால் பெரும்பாலும் தாமாக விலகும். ஒவ்வொன்றாக எடுத்து, படம் மேலே இருக்கும்படி காய வையுங்கள்.

கைப்பேசியை அணைத்து வையுங்கள், சார்ஜ் போடாதீர்கள். அரிசிக்குள் புதைப்பதில் பயனில்லை, தூசிதான் துளைக்குள் போகும்.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்பது

ஒன்றரை வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கேட்கும் குரல் மட்டும் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே தன் சொந்தக் குழந்தைகளை உட்கார்ந்து கவனித்து எழுதியவர். அவருடைய மகன் லோரான் பத்து மாதத்தில், மல்லாந்து படுத்தபடி, பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையை நீட்டி விழவிட்டான். ஒவ்வொரு முறையும் விழும் இடத்தை மாற்றினான். எங்கே விழுகிறது என்று பார்த்தான். என் மகன் காதைச் சாய்த்துக்கொண்டு கடிதத்தை இரண்டாம் முறை இழுத்ததும் அதே வேலைதான். அவனுக்கு அது அப்பாவின் கடிதம் கிடையாது, சத்தம் போடும் ஒரு பொருள்.

2024 ஆகஸ்டில் இஸ்ரேலின் ஹைஃபாவில் உள்ள ஹெக்ட் அருங்காட்சியகத்தில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு சாடியை உடைத்துவிட்டான். குறைந்தது 3,500 ஆண்டு பழையது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க லேசாக இழுத்திருக்கிறான். அருங்காட்சியகம் அந்தக் குடும்பத்தை மறுபடி சுற்றிப் பார்க்க வரும்படி அழைத்தது, சாடியையும் ஒட்டி எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வெகு நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அன்று என் மகனிடம் கத்தியிருந்தேன்.

"கூடாது" என்ற சொல் அந்த வயதில் புரியும். நீட்டிய கையை நிறுத்தும் பிடி இன்னும் வந்திருக்காது. அதனால்தான் "கூடாது, கூடாது" என்று தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரே வரி போதும்: "கிழிஞ்சுபோச்சு, அம்மாவுக்கு வருத்தமா இருக்கு." பிறகு அவர்கள் தேடியதைக் கொடுங்கள். கிழிக்கும் சத்தம் வேண்டுமா, பழைய செய்தித்தாள் இருக்கிறது. பொத்தான் வேண்டுமா, பேட்டரி எடுத்த ரிமோட் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்கச் சொல்வது

வேண்டாம். பொருள் தெரியாத சொல்.

துண்டுகளைக் குப்பையில் போடுவது

எதையும் எறியாதீர்கள். உறையில் போட்டுத் தேதி எழுதுங்கள்.

"பொருள்தானே, விடு" என்று சொல்வது

வீட்டில் இன்னொருவர் இருப்பார், அவருடையதாக இருக்காது அந்தப் பொருள். ஆறுதலாக நினைத்துத்தான் சொல்வார். எனக்கும் சொன்னார்கள், "காகிதம்தானே, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று நான் அவசரமாக டேப்பை எடுத்ததற்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம். வருத்தப்படக் கூட எனக்கு உரிமை இல்லாதது போல, சீக்கிரம் சரி செய்து எல்லோர் கண்ணிலிருந்தும் மறைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. பக்கத்தில் உட்கார்ந்து "இது யார் எழுதியது, என்ன எழுதியிருக்கிறார்?" என்று யாராவது கேட்டிருந்தால், அந்தக் கடிதத்தை அன்றைக்கு வாய்விட்டு வாசித்திருப்பேன். அந்தச் சொல் இன்னொருவர் நினைவிலாவது இருந்திருக்கும்.

அதனால் தம்பியிடம் கேட்டேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று துண்டையும் சேர்த்துப் பிடித்து தாத்தாவின் பக்கத்தை வாசித்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டது, முழங்கால் வலி, யாருக்கோ திருப்பித் தர வேண்டிய புத்தகம். நான்காவது துண்டை உறிஞ்சு தாளில் காய வைத்தோம். பென்சில் எழுத்து என்பதால் எச்சில் பட்டும் கலையவில்லை. அதில் இருந்தது பாதித் தேதி.

இரண்டு வாரம் கழித்து, குழந்தை தூங்கிய நேரத்தில், நான்கையும் ஒட்டினோம். தம்பியே பசை தடவினான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கிழிசல் இருந்த இடம் தெரிகிறது. மேசையில் வைத்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க முடிகிறது.