திருச்சியில் ஒரு நாள்: ஓய்வுபெற்ற தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பகல் 12 மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் நின்றால் இந்தக் காட்சி தப்பாது. ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ஆம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்கும் வயதான தம்பதி மலையை அண்ணாந்து பார்ப்பார்கள். "இது ஒண்ணுதான் பாக்கி, ஏறிடலாமா?" என்பார் அவர். அந்த அம்மா முழங்காலைத் தடவிக்கொள்வார். நாங்களும் ஒரு காலத்தில் அந்த வரிசையில்தான் ஊர் பார்த்தோம்.

மலைக்கோட்டையைக் கடைசிக்குத் தள்ளுவது

ஜங்ஷனுக்குத் திரும்பும் வழியில்தானே இருக்கிறது என்று கடைசியில் வைக்கிறார்கள். ஒரு நாள் பயணத்தையே கெடுப்பது இந்த ஒன்றுதான்.

மலையின் உயரம் 83 மீட்டர். செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். மாணிக்க விநாயகரைத் தாண்டித் தாயுமானவர் சன்னதி வரை படிகளுக்குமேல் கூரை உண்டு. நிழலில் ஏறுவதால் "அவ்வளவுதானா!" என்று தோன்றும். அதற்கு மேலே உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் போய் வெளியே வந்ததும் வெட்டவெளிப் பாறை, அதில் வெட்டிய படிகள். நடுப்பகலில் உள்ளங்கால் பொரிந்துவிடும். சூட்டுக்குப் பயந்து வேகவேகமாகக் கால் மாற்றும்போதுதான் மூச்சு வாங்கும், கால் இடறும். தாயுமானவருக்கும் அதற்குள் நடை சாத்தியிருப்பார்கள். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குகையில் கங்காதரர் சிற்பம் இருக்கிறது. வெயிலுக்கு ஓடுகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

காலை ஆறரைக்கு அடிவாரத்தில் இருங்கள். சர்க்கரை மாத்திரை போடுபவர்கள் வெறும் வயிற்றில் ஏறக்கூடாது; இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். அரை லிட்டர் தண்ணீர் போதும், கைப்பை வேண்டாம், ஒரு கை கம்பிக்கு வேண்டும். தாயுமானவர் சன்னதியில் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கேயே முழங்கால் வலித்தால் மேலே போகாதீர்கள். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டில் சுமை அதிகம். இறங்கும்போது கம்பியைப் பிடித்தபடி, வலிக்கிற காலை முதலில் கீழ்ப்படியில் வையுங்கள்.

எட்டரைக்குள் இறங்கிவிட்டால் நாள் முழுதும் உங்கள் கையில்.

ராஜகோபுரத்தடியில் இறங்கி நடப்பது

236 அடிக் கோபுரத்தைப் பார்த்ததும் கோயில் வந்துவிட்டது என்று ஆட்டோவை அனுப்பிவிடுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் வெளிப் பிராகாரங்கள் கடைகளும் வீடுகளும் உள்ள தெருக்கள். கோபுரத்தைக் கண்ணாரப் பார்த்துவிட்டு, அதே ஆட்டோவில் உள்ளே தள்ளி இருக்கும் ரங்கா ரங்கா கோபுரம் வரை போங்கள்.

தாயார் சன்னதி வடக்கே இருக்கிறது. தெற்கு வாசலில் செருப்பை விட்டவர்கள் அங்கிருந்து சுடுகல்லில் திரும்பி வரவேண்டும். ஒரு துணிப்பையில் பருத்திக் காலுறை வைத்திருங்கள். சன்னதிக்கு முன் கழற்றிவிடலாம்.

திருவானைக்காவலை அவசரமாக முடிப்பது

உச்சிக்கால பூஜையில் அர்ச்சகர் புடவை உடுத்தி, அகிலாண்டேஸ்வரியாக வந்து ஜம்புகேஸ்வரரைப் பூஜிப்பார். பதினொன்றரைக்கே போய் உட்காருங்கள். பத்து மணிக்குப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

முக்கொம்பும் கல்லணையும் ஒரே நாளில்

இரண்டும் காவிரி அணைகள்தான்; ஆனால் ஒன்று ஊருக்கு மேற்கே, ஒன்று கிழக்கே. வேண்டாம்.

மே மாதத்தில் காவிரியைத் தேடுவது

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அதற்கு முன் வந்தால் பெரும்பாலும் மணல்தான். தண்ணீர் பார்க்க ஆடி மாதம் வாருங்கள். வெயில் தாழ்ந்தபின் ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபத்துப் படியில் உட்காரலாம். கால் நனைக்க மேல்படி போதும். பாசி படிந்த கீழ்ப்படி வழுக்கும், அதற்கப்பால் இழுப்பு.