பெரியவங்கள பத்தி டாக்குமெண்டரி எடுக்க ஆசையா? ஒரு போன், ஒரு காலர் மைக் போதும், ஆரம்பிங்க

நம்ம ஆளுங்க ஒரு எழுத்தாளர பத்தியோ நாடகக்காரர பத்தியோ படம் எடுத்தா முக்கால்வாசி அது பாராட்டு விழாவாவே முடிஞ்சு போயிடுது. பொன்னாடை, மாலை, நாலு பேரு மாறி மாறி "பெரிய சாதனையாளர்"னு சொல்றது, பின்னாடி வீணை. அரை மணி நேரம் பார்த்துட்டு எந்திரிச்சா அவரு எப்படி எழுதுவாரு, எப்படி நடிப்பாரு, அந்த வேலைய எப்படி கத்துக்கிட்டாருன்னு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா அந்த வேலை தெரிஞ்சவங்க ஒவ்வொருத்தரா போயிட்டே இருக்காங்க. அதனால சிங்கப்பூர்ல எங்க பிளாக்குல இருக்குற, ரொம்ப வருஷம் வானொலி நாடகத்துல நடிச்ச ஒரு ஐயாவ வச்சு நான் படம் எடுத்தப்ப கத்துக்கிட்டத இங்க வரிசையா எழுதுறேன். வேலைய எப்படி காட்டுறதுங்கறதுதான் இதுல முக்கியம்.

1. கேமரா இல்லாம போங்க

முதல் ரெண்டு மூணு தடவ சும்மா போய் கோப்பி குடிச்சுட்டு பேசிட்டு வாங்க. போனை எடுக்காதீங்க. ஆனா வெறுங்கையோட போகாதீங்க, கொஞ்சம் தேடிட்டு போங்க. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துல சிங்கப்பூர் தமிழ் புத்தகங்கள் நிறைய இருக்கு. 1979ல இருந்து தேசிய ஆவணக் காப்பகத்தோட வாய்மொழி வரலாற்று நிலையம் ஆளுங்கள உட்கார வச்சு பேட்டி எடுத்துக்கிட்டு வருது, தமிழ் பேட்டியும் உண்டு, சிலத ஆன்லைன்லயே கேக்கலாம். கோ. சாரங்கபாணி 1935ல ஆரம்பிச்ச தமிழ் முரசோட பழைய இதழ்கள் நூலக வாரியத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜி (NewspaperSG) இணையதளத்துல ஸ்கேன் பண்ணி இருக்கு, தேதி தெரிஞ்சா சுலபமா எடுத்துடலாம். கேம்பல் லேன்ல இருக்குற இந்திய மரபுடைமை நிலையத்தையும் ஒரு நடை பார்த்துட்டு வந்தா நம்ம ஆளோட கதை எந்த காலத்துல நடந்துச்சுன்னு ஒரு பிடி கிடைக்கும்.

நான் ஒரு பழைய நிகழ்ச்சி நிரல பிரிண்ட் எடுத்துட்டு போனேன். "உங்க அனுபவத்த சொல்லுங்க ஐயா"ன்னு அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ கேட்டும் "என்னத்தம்மா சொல்றது"ன்னு சிரிச்சவரு, அந்த தாள பார்த்ததும் விரலால ஒவ்வொரு வரியா தடவிக்கிட்டே யாரு யாரு நடிச்சாங்க, யாரு லேட்டா வந்தாங்கன்னு ஒரு மணி நேரம் பேசினாரு.

2. அனுமதி

ஒப்புதல் தாள தமிழ்ல எழுதி அவரு முன்னாடி வாய்விட்டு படிச்சு காட்டிட்டு கையெழுத்து வாங்குங்க. எதுக்கு எடுக்குறோம், எங்க போடுவோம், பிடிக்கலன்னா எந்த பகுதிய எடுத்துட சொல்லலாம், எல்லாம் அதுல இருக்கணும். வீட்டு பிள்ளைங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும். வாய்ட் டெக்குல (பிளாக்குக்கு அடியில இருக்குற திறந்த தளம்) எடுக்கணும்னா அந்த பேட்டைய பராமரிக்கிற டவுன் கவுன்சில்கிட்ட, எம்ஆர்டி ஸ்டேஷன்னா அத நடத்துறவங்ககிட்ட முன்னாடியே கேட்டுடுங்க.

3. சத்தம், சத்தம், சத்தம்

படம் கொஞ்சம் மங்கலா இருந்தா கூட ஜனங்க பார்ப்பாங்க, குரல் கேக்கலன்னா உடனே மூடிடுவாங்க. இத நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் பேட்டி அன்னிக்கு வெயில் கொளுத்துது, வயசானவரு வேர்த்து உட்கார வேணாமேன்னு சீலிங் ஃபேன ஓட விட்டேன், ஹெட்போன் போட்டு கேக்கவும் இல்ல. வீட்டுக்கு வந்து போட்டு பார்த்தா குரலுக்கு அடியில ஒரு சுத்துற இரைச்சல் விடாம ஓடுது. கூட நடிச்ச ஒரு நண்பர் இறந்த நாள பத்தி பேசும்போது அவரு குரல் ஒரு இடத்துல அப்படியே நின்னுச்சு, அந்த இடமும் இந்த இரைச்சலுக்குள்ள போச்சு. மறுபடியும் போய் கேட்டேன், சொன்னாரு, ஆனா ஏற்கனவே சொன்ன கதைய திரும்ப சொல்ற மாதிரி நிக்காம ஓடிடுச்சு. அது இன்னிக்கும் எனக்கு மனசு ஆறல.

அதனால இத அப்படியே செய்ங்க. ஃபேன், ஏர்கான், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க (ஃபிரிட்ஜ் மேல உங்க வீட்டு சாவிய வச்சுட்டீங்கன்னா கிளம்பும்போது மறக்காம ஆன் பண்ணிடுவீங்க). இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ நிறுத்தி ஃபேன போட்டு அவருக்கு தண்ணி குடுங்க. காலர் மைக்க தாடைக்கு ஒரு சாண் கீழ குத்துங்க, ஜிப்பாவோ சேலையோ உரசாத மாதிரி பாருங்க. ஹெட்போன கழட்டவே கழட்டாதீங்க. பக்கத்து வீட்டுல ரெனவேஷன் நடந்தா ஞாயித்துக்கிழமையா வச்சுக்குங்க, செவுத்த இடிக்கிற வேலையெல்லாம் எச்டிபில (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்ல) சனி ஞாயிறு பண்ணக்கூடாது. விடிகாலையில குயில் கத்தும், அதுவும் கணக்குல இருக்கட்டும். பேட்டி முடிஞ்சதும் எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம உட்கார்ந்து அந்த ரூமோட சும்மா சத்தத்த பதிவு பண்ணுங்க, எடிட்ல ரெண்டு வாக்கியத்த ஒட்டும்போது நடுவுல போட அதுதான் வேணும்.

4. கேமரா

போனே போதும். வீடியோ ஆப்புல நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் வேகம் நொடியில 50ல ஒரு பங்குன்னு (1/50) வைங்க. இங்க கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுக்கு ஒத்துவராத வேகத்த வச்சா டியூப்லைட் வெளிச்சம் துடிக்கிற மாதிரி பட்டை பட்டையா ஓடும். ஜன்னல் அவருக்கு பக்கவாட்டுல இருக்கட்டும், முதுகுக்கு பின்னாடி வேணாம். ட்ரைபாட் கண்டிப்பா. அவ்வளவுதான், லென்ஸ் வாங்கறத பத்தி யோசிச்சு ஒரு வருஷத்த ஓட்டாதீங்க.

5. கேள்வி

ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விய விடுங்க. "கலை உங்களுக்கு என்ன"ன்னு கேட்டா எல்லாரும் மேடைப் பேச்சுதான் பேசுவாங்க. "முதல் நாள் ஸ்டுடியோ கதவ திறந்தப்ப உள்ள என்ன இருந்துச்சு?"ன்னு கேளுங்க. உங்க கேள்விய படத்துல வெட்டிடுவீங்க இல்லையா, அதனால பதில முழு வாக்கியமா சொல்ல சொல்லுங்க. அவரு முடிச்சப்புறம் உடனே அடுத்த கேள்விக்கு பாயாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த அஞ்சுக்குள்ளதான் வரும்.

அவரு வேலை செஞ்ச இடமே இல்லாம போயிருந்தா? கால்டிகாட் குன்றுல இருந்த வானொலி நிலையம் இப்ப அங்க இல்ல, ஒன்-நார்த்துக்கு போயிடுச்சு. நான் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் குடுத்து ஸ்டுடியோவ வரைஞ்சு காட்ட சொன்னேன். மைக் இங்க, நாங்க சுத்தி நிப்போம், தூரத்துல இருந்து கூப்பிடுற மாதிரி வசனம்னா ரெண்டு அடி பின்னாடி போய் தலைய திருப்பிக்கிட்டு பேசுவோம்னு வரைஞ்சுக்கிட்டே சொன்னாரு. மேல இருந்து அந்த கைய படம் பிடிச்சேன், படத்துலயே எனக்கு பிடிச்ச காட்சிகள்ல அது ஒண்ணு.

6. வேலை செய்யுற கைய படம் எடுங்க

பேட்டிய விட இதுக்குத்தான் நேரம் ஒதுக்கணும். எழுத்தாளர்னா எழுதுறத, மிருதங்கக்காரர்னா வார் இழுக்குறத, பூ கட்டுறவங்கன்னா அந்த நாரு சுத்துற விரல. ஐயாகிட்ட "வசனம் எப்படி படிப்பீங்க, காட்டுங்க"ன்னேன். நாலு தாள எடுத்தாரு, ஸ்டேப்ளர் பின்ன பிடுங்கினாரு, தாள் உரசுற சத்தம் மைக்குல விழக்கூடாதுன்னு ஒவ்வொரு தாளோட மூலையையும் ரெண்டு விரலால தூக்கி, காத்துல நிறுத்தி, அப்படியே பக்கவாட்டுல கீழ இறக்கினாரு. ஒரு சின்ன சத்தம் இல்ல. அத்தன வருஷத்து பயிற்சியும் அந்த ரெண்டு விரல்லயே இருந்துச்சு, இத எந்த பாராட்டு உரையாலயும் சொல்ல முடியாது. ஒரே வேலைய மூணு தடவ செய்ய சொல்லி தூரத்துல ஒண்ணு, நடுவுல ஒண்ணு, விரல் மட்டும் ஒண்ணுன்னு எடுத்துக்குங்க, ஒவ்வொண்ணும் குறைஞ்சது பத்து நொடி.

7. பழைய போட்டோ, பாட்டு, கவிதை

ஆல்பத்த வீட்டுக்கு தூக்கிட்டு வராதீங்க, அங்கயே ஸ்கேன் பண்ணுங்க, 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) இருந்தா பெரிய திரைக்கும் தாங்கும். போட்டோவுக்கு பின்னாடி எழுதியிருக்கறதையும் ஸ்கேன் பண்ணுங்க. பாட்டு, கதை, கவிதைன்னா காப்புரிமை எழுதினவரு இறந்து 70 வருஷம் வரைக்கும் இருக்கும், பழசுதானேன்னு சினிமா பாட்ட ஓட விடாதீங்க.

8. எடிட்

அன்னிக்கு ராத்திரியே மூணு காப்பி எடுத்துடுங்க, அதுல ஒண்ணு வேற வீட்டுல இருக்கட்டும். அப்புறம் பேட்டி முழுசையும் டைப் பண்ணுங்க. அலுப்பான வேலைதான், ஆனா தாள்ல படிச்சு மார்க்கர்ல கோடு போட்டா கதை எங்க ஆரம்பிக்குதுன்னு தானா தெரியும். முதல் படத்துக்கு பத்து நிமிஷம் தாராளம். சப்டைட்டில் கண்டிப்பா போடுங்க, தாத்தா பேசறத பேரப்பிள்ளைங்க இங்கிலீஷ்ல படிச்சாத்தான் முழுசா புரியுதுங்கற வீடு இங்க நிறைய இருக்கு. ரெண்டு வரிக்கு மேல போகாதீங்க. ஆனா அவரு பேச்சுல வர்ற மலாய் வார்த்தைகளையும் பழைய ஊர்ப் பேச்சையும் "சரியான தமிழா" மாத்தி தமிழ் சப்டைட்டில் எழுதாதீங்க, அவரு பேசின மாதிரியே எழுதுங்க.

9. யாருக்கு முதல்ல காட்டுறது

சமூக மன்றத்துலயோ நூலகத்துலயோ எல்லாருக்கும் போட்டு காட்டணும்னா ஐஎம்டிஏவோட (தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) வயசு தரப்படுத்தல் தேவையான்னு முன்னாடியே விசாரிச்சுடுங்க. அதுக்கும் முன்னாடி அவரு வீட்டு ஹால்ல அவருக்கு காட்டுங்க, ஃபைனல் பண்றதுக்கு முன்னாடி. எங்க ஐயா கடைசி வரைக்கும் பேசாம பார்த்துட்டு, "ஏம்மா, அந்த மூணாவது போட்டோவுல இடது பக்கம் நிக்கிறவரு பேரு நீ போட்டிருக்கறது இல்ல, அது அவரு தம்பி"ன்னாரு. பேர மாத்திட்டு அப்புறம்தான் எக்ஸ்போர்ட் பண்ணேன்.