இ7 ஆர்பி-யைப் பிடிக்கிறதா? புல்-டவுன் செய்து பார்ப்பது எப்படி

கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி-16 வைரஸின் இ7 புரதத்தில் இருப்பது வெறும் 98 அமினோ அமிலங்கள். ஆனால் செல் பிரியாதபடி பூட்டுப் போட்டு வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை அது போய்ப் பிடித்துக்கொள்ள, ஆர்பி-யின் கையிலிருந்த இ2எஃப் (டிஎன்ஏ பிரதிக்கான மரபணுக்களை முடுக்கும் புரதம்) நழுவி, செல் வேளைகெட்ட வேளையில் டிஎன்ஏ-வைப் பிரதியெடுக்கத் தொடங்கிவிடும். 1989-லேயே தெரிந்துவிட்ட சங்கதிதான் இது. ஒரு புரதத்தைப் பீட்ஸ் என்ற சிறு மணிகளில் ஒட்டி, அது பிடிக்கும் இன்னொரு புரதத்தைச் செல் சாற்றிலிருந்து இழுத்தெடுப்பதுதான் புல்-டவுன். விடை தெரிந்த கணக்கு என்பதால் புல்-டவுன் பழக இதைவிட நல்ல ஜோடி கிடையாது.

பாக்டீரியாவில் மூன்று புரதங்கள் செய்துகொள்ளுங்கள். வெறும் ஜிஎஸ்டி (வரி இல்லை, குளூட்டதயோன் டிரான்ஸ்ஃபரேஸ்; குளூட்டதயோன் பூசிய பீட்ஸில் ஒட்டும் கைப்பிடி), ஜிஎஸ்டி-இ7, அப்புறம் 24-ஆவது இடத்தில் சிஸ்டைனை எடுத்துவிட்டு கிளைசின் வைத்த ஜிஎஸ்டி-இ7. குளோனிங் வேலை கூடுதல் என்று மூன்றாவதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள், அது இல்லாவிட்டால் உங்கள் பேண்டை (முடிவில் புரதம் தெரியும் கோடு) நான் நம்ப மாட்டேன். 22-இல் லூசின், 24-இல் சிஸ்டைன், 26-இல் குளூட்டாமிக் அமிலம் என்ற சின்னக் கொக்கியால்தான் இ7 ஆர்பி-யை மாட்டுகிறது, நடுவில் ஒன்றை மாற்றினாலே பிடி போய்விடும்.

எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜெனிலும் அடினோவைரஸின் இ1ஏ-விலும் இதே மாதிரிக் கொக்கி உண்டு. சுலபமாக வளருகிறதே என்று 293டி என்ற மனிதச் செல் வகையை எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் அந்தச் செல்லில் இவை இரண்டுமே இருக்கின்றன, நீங்கள் இ7-ஐக் கொண்டுபோவதற்குள் ஆர்பி-யில் துண்டு போட்டு இடம் பிடித்திருக்கும். ஆர்பி ஒழுங்காக இருக்கும் யு2ஓஎஸ் செல்லை எடுங்கள். ஆர்பி வேலை செய்யாத சாவோஸ்-2 செல்லையும் பக்கத்தில் ஓட்டினால் இன்னும் நல்லது.

150 மில்லிமோலார் உப்பும் 0.5% என்பி-40 டிடர்ஜென்ட்டும் உள்ள பஃபரில் செல்லை உடைக்கலாம். புரோட்டியேஸ் தடுப்பான் மாத்திரை வாங்கும்போது இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடுங்கும் வேதிப்பொருள்) இல்லாததாகப் பாருங்கள், இ7-இன் பின்பாதி துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டுதான் மடிந்து நிற்கிறது. ஆர்பி-யின் பாஸ்பேட் உதிராதிருக்கப் பாஸ்பட்டேஸ் தடுப்பானும் போடுங்கள். செல் சாற்றை, ஜிஎஸ்டி புரதங்கள் ஒட்டிய பீட்ஸோடு 4 டிகிரியில் இரண்டு மணி நேரம் சுழலவிட்டு நான்கு தடவை கழுவுங்கள். அவசரத்தில் நான் ஒருமுறை இரண்டோடு நிறுத்திவிட்டு, வெறும் ஜிஎஸ்டி லேனிலும் ஆர்பி பளிச்சென்று தெரிந்ததைப் பார்த்து, ஒரு வாரம் ஆன்டிபாடியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பீட்ஸில் மாட்டியதை ஜெல்லில் ஓட்டி ஆர்பி ஆன்டிபாடியால் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் 110 கிலோடால்டன் பக்கம் பாருங்கள். இன்புட் லேனில் (புல்-டவுனுக்கு முந்தைய செல் சாறு) ஆர்பி ஒட்டி ஒட்டி இரண்டு பேண்டாக வரும், கீழே இருப்பது பாஸ்பேட் குறைவானது. இ7-க்கு அதுதான் பிடிக்கும், ஆகவே இ7 லேனில் கீழ் பேண்ட் தடித்திருந்தால் சரியாகப் போகிறது. ஆன்டிபாடி போடுவதற்கு முன்பே எல்லாப் புரதத்தையும் காட்டும் பான்சோ சாயத்தில் படம் எடுத்துவிடுங்கள், மூன்று லேனிலும் ஜிஎஸ்டி அளவு சமமாக இல்லையென்றால் பிடிக்கவில்லை என்று சொல்ல வாயே திறக்க முடியாது.

இதே கையோடு அதே வைரஸின் இ6-ஐயும், அது அழிக்கும் பி53 என்ற புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தையும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். இ6 தனியாகப் போனால் பி53-ஐ ஒழுங்காகப் பிடிக்காது, நடுவில் இ6ஏபி என்ற செல் புரதம் வேண்டும், அதையும் சேர்த்தே குழாயில் போடுங்கள். உயிருள்ள செல்லில் செய்வதானால் இன்னொரு தொல்லை: இ7 ஆர்பி-யைப் பிடிப்பதோடு விடாமல் சிதைக்கவும் வைக்கும், அதனால் உடைப்பதற்குச் சில மணி நேரம் முன்பே சிதைவைத் தடுக்கும் எம்ஜி132 போட்டுவிடுங்கள்.