பழைய புரொசஸரின் எழுத்துத் தெரியும்படி வீட்டில் படமெடுப்பது எப்படி

சேகரிப்பவர்களிடையே ஒரு பழைய புரொசஸரின், அதாவது கணினியின் முதன்மைச் சில்லின், பெறுமதியைத் தீர்மானிப்பது அதன் மேல் உள்ள எழுத்துகளே. 1993 இல் வெளிவந்த இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் புரொசஸரில், 1994 இல் தெரியவந்த வகுத்தல் பிழை (சில வகுத்தல் கணக்குகளுக்குத் தவறான விடை தருவது) உள்ள சில்லையும் அப்பிழை திருத்தப்பட்ட சில்லையும் தோற்றத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. பெரும்பாலும் எஸ்எக்ஸ் (SX) எனத் தொடங்கும் சிறியதொரு குறியீடுதான் எது எது என்று சொல்லும். என்னிடமிருந்த, பென்டியத்துக்கு முந்தைய 486 என்ற புரொசஸர் ஒன்றை வாங்கிக்கொள்ள விரும்பிய ஒருவர், அக்குறியீட்டின் கடைசி இலக்கம் 1 ஆ 7 ஆ என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் புதிதாகப் படமெடுத்து அனுப்பினேன். ஒன்றிலும் அது தெரியவில்லை. கெமராவில் குறை இருக்கவில்லை, வெளிச்சம் வந்த திசையே பிழையாக இருந்தது. ஆகவே வெளிச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இலங்கையின் மலையகத்தில் வாழ்பவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் ஹட்டன், நுவரெலியா பக்கங்களில் மூடுபனி இறங்கி நிற்கும்போது, வானம் முழுவதும் ஒரே வெள்ளைத் திரையாகி, நிழல் விழாத மென்மையான ஒளியைத் தருகிறது. ஸ்டூடியோக்காரர்கள் பணம் கொடுத்து உண்டாக்கும் ஒளி இதுவே. அதே மாதங்களில் பண்டாரவளையில் இருப்பவருக்கு வெயில் கடுமையாக இருக்கலாம் என்பதால், அவர் யன்னல் கண்ணாடியில் ஒரு ட்ரேசிங் தாளையோ மெல்லிய வெள்ளைத் துணியையோ ஒட்டிக்கொள்வது நல்லது. யன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேயிலையில் பட்டுத் திரும்பும் ஒளி பச்சை கலந்தே வரும். அதனால் சில சில்லுகளின் மேலுள்ள தங்க நிற உலோக மூடி பித்தளைபோல் மங்கிப்போகும். சில்லை வைக்கும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அது படத்திலும் வெள்ளையாகத் தெரியும்வரை கெமராவின் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்துகொண்டு, அதன் பிறகே சில்லை வையுங்கள்.

சிறிய யன்னல் கொண்ட தோட்டத்து லயன் அறையில் பகலிலும் மின்குமிழ் தேவைப்படும். அப்போது யன்னலை மூடிவிட்டுக் குமிழின் ஒளியில் மட்டும் எடுங்கள். இரண்டும் கலந்தால் சில்லின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். எமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால், மலிவான எல்.இ.டி குமிழ்கள் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. படத்தில் குறுக்கே கரும்பட்டைகள் விழுந்தால், ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

இனி எழுத்துக்கு வருவோம். சில்லில் எழுத்து மூன்று வகையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒளியின் திசை வேறு. கறுப்புப் பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளை மையால் அச்சிட்ட எழுத்துக்கு, இரு பக்கமும் சமமாக விழும் மென்மையான ஒளி போதும். சாம்பல் நிறச் செராமிக்கில் லேசரால் பொறித்த எழுத்தோ அந்த ஒளியில் கரைந்துபோகும், ஏனெனில் அங்கே நிற வேறுபாடு மிகக் குறைவு. பள்ளத்தின் நிழல்தான் எழுத்தாகத் தெரிகிறது. அறையை இருட்டாக்கி, ஒரு சிறிய டோர்ச்சை மேசையோடு ஏறக்குறையப் படுத்த நிலையில், எழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து அடியுங்கள். டோர்ச்சை மெதுவாக நகர்த்தும்போது ஒரு குறிப்பிட்ட கோணத்தில் எழுத்துகள் திடீரென எழுந்து நிற்பதைக் காண்பீர்கள். அந்தக் கோணத்திலேயே நிறுத்தி எடுங்கள். ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தால் பள்ளம் மேடுபோலத் தோன்றி வாசிப்பவரின் கண்ணை ஏமாற்றும்.

மூன்றாவது வகையாகிய தங்க மூடியே எல்லோரையும் சிரமப்படுத்துகிறது. மூடி ஒரு கண்ணாடி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் சிரமம் தீரும். நாம் படமெடுப்பது மூடியை அல்ல, மூடியில் பிரதிபலிப்பதையே. நேர் மேலிருந்து எடுத்தால் அதில் கறுப்புக் கைப்பேசியும் நம் முகமும் விழும். ஆகவே கெமராவைச் சற்றுச் சாய்த்து, எதிர்ப்பக்கத்தில் ஓர் ஏ4 தாளை நிமிர்த்திப் பிடித்து, அத்தாளின் வெள்ளை மூடி முழுவதையும் நிரப்பும்வரை நகர்த்துங்கள். தங்கம் ஒளிர்ந்து, பொறித்த எழுத்து கருமையாக வரும். தாளுக்குப் பதிலாகக் கறுப்புத் துணியைப் பிடித்துப் பக்கத்திலிருந்து டோர்ச் அடித்தால், மூடி இருண்டு எழுத்து மட்டும் ஒளிரும். இரண்டையும் எடுத்துப் பாருங்கள். கீறல் உள்ள மூடிக்கு முதல் முறையே நல்லது, இரண்டாவதில் கீறல்களும் எழுத்தோடு சேர்ந்து ஒளிரும். குளிர்ந்த காலையில் மிக நெருங்கிக் குனியும்போது மூச்சுக்காற்று மூடியின் மேல் மெல்லிய ஆவியாகப் படியும். அது வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் படத்தில் மட்டும் மங்கலாகத் தெரிவதுண்டு. துடைக்காமல் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் தானே மறைந்துவிடும்.

கைப்பேசியில் எடுப்பவர்கள் மிக அருகில் கொண்டுபோவதே வழக்கமான தவறு. பல கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் 10 சென்றிமீற்றருக்கு உள்ளே தெளிவாகக் குவியாது. சில கைப்பேசிகள் அந்நேரத்தில் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறி, சதுரமான சில்லைக் கோணலாக்கிவிடும். 20 சென்றிமீற்றர் அளவு பின்வாங்கி, இரு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். இரண்டு கொப்பி அடுக்குகளுக்கு இடையே ஒரு பலகையைப் பாலமாக வைத்து, அதன் விளிம்பில் லென்ஸ் வெளியே நீளும்படி கைப்பேசியைக் கிடத்தினால் முக்காலி வேண்டியதில்லை. திரையில் எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்துக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டி, 2 நொடித் தாமதத்தில் எடுக்க வேண்டும். லென்ஸ் மாற்றக்கூடிய கெமரா உள்ளவர்கள் ஒளியுணர்திறனை ஐ.எஸ்.ஓ 100 இலும் லென்ஸின் துவாரத்தை எஃப் 8 இலும் வைக்கலாம். எஃப் 22 வரை குறைத்தால் ஒளி விளிம்பில் சிதறி நுண்ணிய எழுத்து மென்மையாகிவிடும். பின்னணிக்குச் சாம்பல் நிற அட்டையே சிறந்தது. வெள்ளைத் தாளில் வைத்தால் சில்லு இருண்டும், கறுப்பில் வைத்தால் வெளிறியும் போகும்.

மேற்பகுதியில் சிறிய குவார்ட்ஸ் யன்னல் உள்ள ஈப்ரோம் (EPROM) எனப்படும், புற ஊதா ஒளியால் அழிக்கக்கூடிய நினைவகச் சில்லுகளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த யன்னலுக்குள் தெரியும் சிலிக்கன் மிக அழகானது என்பதால் அதை மூடியிருக்கும் ஒட்டுத்தாளை உரிக்க ஆசை வரும். ஆனால் நேரடி வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தாலே உள்ளிருக்கும் தரவு அழிந்துவிடும் என்று உற்பத்தியாளர்களின் தரவுத்தாள்களே சொல்கின்றன. அரிய பழைய நிரல் ஒன்று அதில் இருந்தால், முதலில் அதைப் பிரதியெடுத்துவிட்டு, பிறகு உரித்துப் படமெடுத்து, உடனே மறுபடியும் மூடிவிடுங்கள்.

சில்லைத் தொடுமுன் நிலத்தொடர்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை இறக்கி, விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். தூசியைக் கைப்பம்பினால் ஊதி அகற்றலாம். மையெழுத்தின் மேல் ஸ்பிரிட் தேய்க்கவே கூடாது, எழுத்தும் சேர்ந்து போய்விடும். பழைய கறுப்பு நுரையில் குத்தி வைத்திருந்த சில்லானால், அந்நுரை உதிர்ந்து சில்லின் உலோகக் கால்களை அரித்திருக்கிறதா என்பதை அடிப்பக்கப் படத்தில் காட்டுவதே நேர்மை. 486 ஒன்றுக்கு 168 கால்கள் உண்டு. நேர் மேலிருந்து எடுத்தால் வளைந்த கால் தெரியாது, வரிசையின் நீளவாக்கில் தாழ்வாகக் கெமராவை வைத்து எடுத்தால் ஒரு கால் விலகியிருந்தாலும் உடனே தெரியும். அருகில் மில்லிமீற்றர் அளவுகோல் ஒன்றையும் வையுங்கள்.

எடுத்து முடித்ததும் சில்லை உள்ளே வைத்துவிடாமல், படத்தைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, கையில் உள்ள சில்லைப் பார்க்காமல் படத்திலிருந்து மட்டும் எல்லா எழுத்துகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு சில்லோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் டோர்ச்சைச் சற்று நகர்த்தி மீண்டும் எடுக்க வேண்டும். எல்லாம் பொருந்தினால் அக்குறியீட்டையே கோப்பின் பெயராக இட்டுச் சேமியுங்கள்.