கையைக் கடிக்காத தீவு விடுமுறை: முதல்முறை போகிறவர்கள் இடம் தேர்ந்தெடுப்பது எப்படி?

நீலக் கடல், வெள்ளை மணல், கரையில் சாய்ந்து நிற்கும் ஒரு தென்னை. இந்தப் படத்தைப் பார்த்ததும் பலரும் அந்தத் தீவின் பெயரைத் தேடி, விமானக் கட்டணத்தைப் பார்த்து, "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று உடனே பதிவு செய்துவிட்டு, போய் இறங்கியபின் படகுக்கும் சாப்பாட்டுக்கும் கொட்டிக் கொடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் டிக்கெட்டை மட்டும் பார்த்ததால் வந்த ஏமாற்றம்தான்.

ஒரு தீவு மலிவா இல்லையா என்பதை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன என்பது என் கணிப்பு. எந்த மாதம் போகிறீர்கள் என்பது ஒன்று. அந்தத் தீவில் சாதாரண மக்கள் வாழ்கிறார்களா என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் சரியாகப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

படி 1: முதலில் மாதம், அப்புறம் தீவு

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவே உள்ள தீவுகளில் வெப்பம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். மாறுவது மழையும் காற்றும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கக் கரையில் அலை எழும்பும், தண்ணீர் கலங்கும், சில நாட்களில் படகே ஓடாது. அதே நாளில் மறுபக்கக் கரையில் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும்.

அதனால் "இந்த நாட்டுக்கு எந்த மாதம் நல்லது" என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எந்தக் கரை என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். இலங்கையில் டிசம்பர் முதல் மார்ச் வரை மிரிஸ்ஸ, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரை ஊர்களுக்குப் போகலாம். மே முதல் செப்டம்பர் வரை கிழக்கே நிலாவெளியும் அறுகம்பேயும். தாய்லாந்திலும் இதே கதைதான். அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட், கோ லந்தாவில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கும் கோ சமூய், கோ தாவ் தீவுகளில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மலேசியாவின் கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலான விடுதிகள் மூடியே கிடக்கும். ஆனால் மேற்குக் கரை லங்காவிக்கு அதுதான் நல்ல பருவம்.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே போனால் கணக்கு மாறும். இந்தோனேசியாவின் பாலிக்கும் லொம்பொக்குக்கும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டிய சான்சிபாரில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, ஜூன் முதல் அக்டோபர் வரை தெளிந்த வானம்.

புயலைத் தனியாகப் பார்க்க வேண்டும். கரீபியக் கடலில் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில்தான் அதன் உச்சம். அந்த மாதங்களில் அறைகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான். அப்போதுதான் விடுப்பு கிடைக்கும் என்றால் தெற்கே உள்ள அருபா, பொனேர், குராசாவ் தீவுகளைப் பாருங்கள். சூறாவளிகளின் வழக்கமான பாதை அவற்றுக்கு வடக்கே போகிறது. மொரீஷியஸில் ஜனவரி முதல் மார்ச் வரை கவனம் தேவை. பூமத்திய ரேகையை ஒட்டிய தீவுகளில் புயல் அரிது, ஏனென்றால் காற்றைச் சுழல வைக்கும் விசை அங்கே மிகக் குறைவு.

பணத்தை மிச்சம் பிடிக்க நல்ல வழி, உச்ச சீசன் தொடங்குவதற்குச் சற்று முன்போ முடிந்த உடனேயோ போவது. அப்போது மழை வந்தாலும் பல தீவுகளில் சில மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். ஆனால் கடல் கொந்தளித்தால் நாள் முழுக்க வீண். அதனால் வானிலைப் பக்கத்தைத் திறந்தால் மழை அளவோடு நின்றுவிடாமல் காற்றின் வேகத்தையும் பாருங்கள். டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் எப்படியாவது தவிருங்கள். அறை வாடகை ஏறுவது ஒரு பக்கம் இருக்கட்டும், பல ரிசார்ட்டுகள் அந்த வாரத்தில் சிறப்பு விருந்துக்கு என்று தனிக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்த்துவிடும்.

படி 2: எதற்காகப் போகிறீர்கள்?

சுருக்கமாக ஒரு வரி எழுதி வையுங்கள். சும்மா ஓய்வெடுக்கத்தான் என்றால் உங்கள் வேலை எளிது, எந்த அமைதியான கரையும் போதும், மலிவானதை எடுத்துக்கொள்ளலாம். காற்று உருளையோடு கடலடியில் நீந்தும் ஸ்கூபா கற்றுக்கொள்ள ஆசை என்றால் கோ தாவும் ஹோண்டுராஸின் உத்திலாவும் குறைந்த கட்டணப் பயிற்சிக்குப் பேர்போனவை. சின்னக் குழந்தைகள் கூட வருகிறார்கள் என்றால், பவளத்திட்டு அலையைத் தடுத்து நிற்கும் ஆழமில்லாத கரையைத் தேடுங்கள்.

படி 3: அந்தத் தீவில் யார் வாழ்கிறார்கள்?

செலவில் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குவது இந்தப் படிதான்.

மாலத்தீவை எடுத்துக்கொள்வோம். நீண்ட காலம் அங்கே வெளிநாட்டுப் பயணிகள் என்றாலே ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்ற ஏற்பாடுதான். மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நடத்த 2009-ஐ ஒட்டி அனுமதி வந்தது. இன்று மாஃபுஷி, துளுஸ்தூ, திகுரா போன்ற தீவுகளில் சின்னச் சின்ன கெஸ்ட் ஹவுஸ்கள் வரிசையாக இருக்கின்றன. ரிசார்ட்டைச் சுற்றியிருக்கும் அதே கடல், அதே மீன்கள். செலவோ அதில் ஒரு சிறு பங்கு. மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது, நீச்சலுடைக்கென்று தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடங்களில் உடல் மறைக்கும் உடை வேண்டும். இது ஒத்துவரும் என்றால் மாலத்தீவு எட்டாத கனியே இல்லை.

மக்கள் வாழும் தீவு ஏன் மலிவு? தனி ரிசார்ட் தீவில் பசித்தால் அவர்கள் வைத்த விலைக்குத்தான் சாப்பிட வேண்டும், பக்கத்தில் வேறு கடை கிடையாது. ஊர் இருக்கும் தீவில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடை இருக்கும், பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் மக்களுக்கான படகு இருக்கும், நான்கு விடுதிகள் போட்டி போடும்.

இதோடு நிலத்தின் தன்மையையும் பாருங்கள். தட்டையான பவளத் தீவில் ஆறு கிடையாது, மண் கொஞ்சம்தான். குடிநீருக்குப் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரிக்க வேண்டும், அரிசியும் காய்கறியும் கப்பலில் வர வேண்டும். மலை உள்ள பெரிய தீவு அப்படியில்லை. லொம்பொக்கில் 3,726 மீட்டர் உயரத்துக்கு ரிஞ்சானி எரிமலை நிற்கிறது. மேகத்தை அது தடுத்து மழையாக இறக்குவதால் வயல்கள் விளைகின்றன, சந்தையில் உணவு மலிவு. லொம்பொக்கிலிருந்து படகில் எட்டிவிடும் மூன்று கிலி தீவுகளில் மோட்டார் வண்டிகளே இல்லை, அழகோ அழகு. ஆனால் அங்கே பெரும்பாலான பொருள் படகேறித்தான் வர வேண்டும். பெரிய தீவில் தங்கி, சின்னத் தீவுக்கு இரண்டு நாள் மட்டும் போய்வருவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. இரண்டின் சுகமும் கிடைத்துவிடும்.

மக்கள் வாழ்கிறார்களா என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. இணைய வரைபடத்தில் அந்தத் தீவைப் பெரிதாக்கிப் பாருங்கள். பள்ளிக்கூடம், சந்தை, மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம் எல்லாம் தென்பட்டால் நல்ல அறிகுறி. நீச்சல் குளங்களும் வரிசையான குடில்களும் மட்டும்தான் தெரிகின்றன என்றால் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: விமான நிலையத்திலிருந்து மணல் வரை

நான் முதல்முறை ஒரு சின்னத் தீவுக்குக் கிளம்பியபோது, விமானம் இறங்கும் நேரத்துக்கும் கடைசி ஃபெர்ரிக்கும் நடுவே ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்கவில்லை. விமானம் தாமதமானது, ஃபெர்ரி போய்விட்டது. தனியாக ஒரு விரைவுப் படகு பிடித்ததில் இரண்டு இரவு அறை வாடகையைவிட அதிகமாகச் செலவானது. அன்றிலிருந்து தீவுப் பயணம் என்றால் நண்பகலுக்கு முன் இறங்கும் விமானத்தைத்தான் எடுக்கிறேன், கட்டணம் கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை.

மாலத்தீவில் தொலைதூர ரிசார்ட்டுகளுக்குப் போகும் கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும். மாலையில் இறங்கினால் தலைநகர்ப் பக்கம் ஓர் இரவு தங்கியாக வேண்டும். அங்கே பொதுப் படகுகள் மிக மலிவு, ஆனால் பல மெதுவாகப் போகும், வெள்ளிக்கிழமைகளில் பெரும்பாலும் ஓடுவதில்லை. கோ சமூய் விமான நிலையம் தனியார் நிறுவனம் ஒன்றுக்குச் சொந்தம், அங்கே நேராகப் போகும் டிக்கெட் பொதுவாக விலை கூடுதல். தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இருக்கும் சூராட் தானி வரை பறந்து, பேருந்தும் ஃபெர்ரியும் மாறிப் போனால் செலவு குறையும், ஆனால் கிட்டத்தட்ட அரை நாள் போய்விடும். நான்கு நாள் விடுமுறையில் அரை நாளை இழப்பது சரிப்படுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

படி 5: விலைப்பட்டியலில் கண்ணில் படாதவை

அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதன்மேல் தனியாக வரும் என்று அர்த்தம். மாலத்தீவில் ஒவ்வோர் இரவுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று பசுமை வரி உண்டு. பாலிக்குப் போகும் வெளிநாட்டவர்களிடம் 2024 பிப்ரவரி முதல் ஒரு கட்டணம் வாங்குகிறார்கள். சான்சிபார் 2024 அக்டோபர் முதல் தன் சொந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. உங்களிடம் வேறு காப்பீடு இருந்தாலும் அதை எடுத்தே ஆக வேண்டும்.

விசா உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் மட்டும் சரிபாருங்கள். சில தீவுகளுக்கு நாட்டின் பொது விதியே பொருந்தாது. வியட்நாமின் ஃபூ குவோக் தீவுக்கு மட்டும் போகிறவர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் தங்க அனுமதி உண்டு. இன்னொன்று, கார்டு தேய்க்கும்போது இயந்திரம் "உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா" என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதத்தில் பணம் போய்விடும். சின்னத் தீவில் ஏடிஎம் இருக்காது, இருந்தாலும் காலியாக இருக்கலாம். ரொக்கத்தைப் பெரிய தீவிலேயே எடுத்துவிடுங்கள்.

படி 6: கரையின் குணத்தை விசாரியுங்கள்

சான்சிபாரின் கிழக்குக் கரையில் பஜே, ஜம்பியானி பக்கம் ஓதம் வற்றும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். காலையில் அறை வாசலில் இருந்த தண்ணீரைப் பிற்பகலில் தேடிப் போக வேண்டியிருக்கும். நாள் முழுக்க நீந்த வேண்டுமென்றால் வடக்கு முனையில் நுங்வி, கெந்த்வா நல்லது. கரீபியத் தீவுகளில் 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி பெருமளவில் ஒதுங்குகிறது, அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரைகளில்தான் தொல்லை அதிகம்.

பேர்போன கரைகளைச் சில சமயம் மூடியும் விடுவார்கள். தாய்லாந்தின் மாயா விரிகுடா 2018 ஜூனில் மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் பவளங்களுக்கு ஓய்வு கொடுக்கிறார்கள். அது மிகச் சரியான முடிவு என்பேன். நாம்தான் தேதியைப் பார்த்துப் போக வேண்டும்.

படி 7: ஒரே தாளில் கணக்கு

இப்போது உங்கள் கையில் இரண்டு மூன்று தீவுகள் மிஞ்சியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்களை எழுதுங்கள்: விமான டிக்கெட், தீவுக்குப் போய்வரும் செலவு, ஒரு நாள் செலவு. ஒரு நாள் செலவில் அறையும் சாப்பாடும் சுற்றுவதும் அடங்கும்.

ஓர் உதாரணம், எண்கள் வெறும் கணக்குக்குத்தான். முதல் தீவுக்கு டிக்கெட் 40, படகு 10, ஒரு நாளுக்கு 15 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது தீவு தொலைவு, டிக்கெட் 75, படகு 5, ஆனால் ஒரு நாளுக்கு 8 தான். மூன்று நாள் தங்கினால் முதல் தீவுக்கு 95, இரண்டாவதற்கு 104. ஏழு நாள் தங்கினால் முதல் தீவுக்கு 155 ஆகிவிடும், இரண்டாவதற்கு 136 தான். குறுகிய பயணத்துக்கு அருகிலுள்ள தீவும், நீண்ட பயணத்துக்கு அன்றாடச் செலவு குறைந்த தீவும் லாபம். டிக்கெட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கவே தெரியாது.

படி 8: பதிவு செய்யும்போது

முதல் இரண்டு இரவுகளுக்கு மட்டும், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறையைப் பதிவு செய்யுங்கள். உச்ச சீசன் இல்லையென்றால் மீதி நாட்களுக்கு அங்கே போய் நேரில் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். கடைசி இரவை மட்டும் விமான நிலையம் இருக்கும் தீவில் வையுங்கள், காற்று மாறி ஒரு நாள் படகு நின்றாலும் விமானம் தப்பாது. பயணக் காப்பீட்டில் அவசர மருத்துவத்துக்குத் தீவிலிருந்து வெளியே கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா, ஸ்கூட்டர் விபத்துக்கு உண்டா என்று வரி வரியாகப் படியுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் விடுதிக்கு ஒரு செய்தி அனுப்பி மூன்று கேள்விகள் கேளுங்கள்: நாங்கள் வரும் வாரத்தில் உங்கள் பக்கக் கடல் எப்படி இருக்கும்? கடைசிப் படகு எத்தனை மணிக்கு? வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? மூன்றுக்கும் நேரடியான பதில் வந்தால் அங்கேயே பதிவு செய்யுங்கள். "வாருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று வந்தால் அடுத்த விடுதிக்கு அதே செய்தியை அனுப்புங்கள்.